ஹோர்ட்டன் சமவெளிக்கு வருகிறீர்களா? சாப்பாட்டை முதல் நாளே பேசி வையுங்கள்

இலங்கை மலைநாட்டில் இருக்கிற ஹோர்ட்டன் சமவெளித் தேசிய பூங்காவுக்கு வருகிறவர்கள் பாதையை விசாரிக்கிறார்கள், குளிரை விசாரிக்கிறார்கள், டிக்கெட் விலையை விசாரிக்கிறார்கள். சாப்பாட்டை விசாரிப்பது பசித்த பிறகுதான். அப்போது இரவு எட்டரை ஆகியிருக்கும். பூங்காவுக்குக் கிட்ட இருக்கிற ஒஹியவிலும் பட்டிப்பொலவிலும் கடையெல்லாம் சாத்தியிருப்பார்கள். நான் ஒஹிய பக்கத்தில் ஒரு சின்னத் தங்குமிடத்தில் சமைக்கிறேன். அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். விடியும் முன்னே மலைக்குப் போகிறவர்களுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுப்பது எங்கள் வீட்டில் பழைய வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: இந்தப் பயணத்தில் நீங்கள் முதலில் யோசிக்க வேண்டியது பையில் கொண்டுபோகும் சாப்பாட்டைத்தான். ஹோட்டல் சாப்பாடு அதற்குப் பிறகு.

நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பூங்கா வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும். உலக முடிவு என்கிற மலை விளிம்பில் நின்று கீழே பார்க்க வேண்டுமானால் 9 மணிக்கு முன் அங்கே போய்விட வேண்டும். அதற்குப் பிறகு பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி, 800 மீற்றருக்கு மேல் இறங்கும் அந்த மலைச்சரிவை முழுதாக மறைத்துவிடும். சிறிய உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்று சுற்றி வரும் பாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். ஆறுதலாக நடந்தால் மூன்று, நான்கு மணித்தியாலம். நுவரெலியாவிலிருந்து வாசலுக்கு 30 கிலோமீற்றருக்குச் சற்று மேல், அப்புத்தளையிலிருந்து வந்தாலும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். ஆக, நாலரை ஐந்துக்கெல்லாம் வேன் ஏற வேண்டும். அந்த நேரத்தில் எந்தக் கடையிலும் அடுப்பு மூட்டியிருக்க மாட்டார்கள். சமவெளிக்குள்ளே ஃபார் இன் என்கிற பார்வையாளர் நிலையத்தின் பக்கம் ஏதாவது கிடைத்தால் அது உங்கள் அதிர்ஷ்டம், அதை நம்பிப் போகக் கூடாது. பிள்ளைகளோடு வருகிறவர்கள் இதை இரண்டு தடவை வாசியுங்கள். வெறும் வயிற்றோடு குளிரில் நடக்கிற பிள்ளை முதல் கிலோமீற்றரிலேயே அழத் தொடங்கிவிடும்.

பையில் என்ன கொண்டுபோவது

பெரும்பாலான தங்குமிடங்களில் காலைச் சாப்பாட்டுப் பெட்டி கேட்டால் கொடுப்பார்கள். வழக்கமாக அதில் சான்ட்விச் இரண்டு, அவித்த முட்டை, வாழைப்பழம், பெட்டியில் அடைத்த ஜூஸ் இருக்கும். குறை சொல்ல மாட்டேன், ஆனால் குளிரில் பாண் விறைத்துப் போகும், பட்டர் கட்டியாகிவிடும். அதோடு பெட்டிக்குள் இருப்பவை எல்லாம் பொலித்தீனில் சுற்றியிருக்கும். அது வாசலில் பிரச்சினை. அதைக் கீழே சொல்கிறேன்.

நான் சொல்வது தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும். தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற இடத்துக்கு, போகிறவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுபோன சாப்பாடு இது. காலையில் சுட்டு, துணியில் சுற்றி, மலையில் வேலைக்கு நடுவே ஆறிப்போன பிறகு சாப்பிடுவதற்கென்றே வந்த சாப்பாடு. ஆறினாலும் ருசி குறையாது, நசுங்காது, சிந்தாது, மதியம் வரை தாங்கும். மலை ஏறுகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றை யாரும் கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியாது.

நான் செய்வது இப்படி. மூன்று கோப்பை கோதுமை மாவுக்கு ஒரு கோப்பை நிறையத் தேங்காய்ப்பூ. அப்போதே துருவிய தேங்காயாக இருக்க வேண்டும். உப்பு, பொடியாக வெட்டிய வெங்காயம், இரண்டு பச்சைக் கொச்சிக்காய், கொஞ்சம் கறிவேப்பிலை. எங்கள் குளிரில் பச்சைத் தண்ணீர் விட்டுப் பிசைந்தால் மா இறுகிப்போகும். அதனால் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் விடுவேன். தேங்காய்ப்பூவைச் சேர்த்ததும் முதலில் தண்ணீர் விடாமல் விரலால் மாவோடு நன்றாகத் தேய்க்க வேண்டும், தேங்காய்ப்பால் மாவில் ஏறும். பிறகுதான் தண்ணீர். கால் மணித்தியாலம் மூடி வைத்து, உருண்டை பிடித்து, எண்ணெய் தடவிய தட்டில் கையாலேயே தட்டிக்கொள்வேன். கனம் உங்கள் சின்ன விரலில் பாதி இருக்கட்டும். மெல்லிசாகத் தட்டினால் ஆறியதும் அப்பளம் மாதிரி உடையும். கல் காய்ந்ததும் தீயைக் குறைத்துவிட வேண்டும். பெரிய தீயில் வெளியே கரிந்து உள்ளே மா பச்சையாக இருக்கும். இரண்டு பக்கமும் பழுப்புப் புள்ளி விழுந்த பிறகு ஓரத்தைக் கல்லில் நிமிர்த்தி உருட்டிச் சுடுவேன். ஓரம் வேகாத ரொட்டிதான் வயிற்றைப் பிடிக்கும்.

கட்டச் சம்பலுக்குக் காய்ந்த கொச்சிக்காய், சின்ன வெங்காயம், உப்பு, மாசிக் கருவாடு, கடைசியில் தேசிக்காய்ப்புளி. அம்மியில் நசுக்கி எடுக்க வேண்டும். மிக்ஸியில் போட்டால் வெங்காயம் தண்ணீர் விட்டுச் சட்னியாகிவிடும். தேங்காய்ச் சம்பல் இன்னும் ருசி, அதை நானே ஒத்துக்கொள்வேன். ஆனால் அதில் ஈரம் அதிகம், சீக்கிரம் புளிக்கும், பையிலும் ஒழுகும். அதைத் தங்குமிடத்தில் சுடச்சுட ரொட்டியோடு சாப்பிடுங்கள்.

ஆளுக்கு மூன்று ரொட்டி, அவித்த முட்டை ஒன்று, வாழைப்பழம் இரண்டு, நாலு பேருக்கு ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. போத்தலில் இஞ்சி போட்ட பிளேன்டீ. சீனி போடாமல் ஊற்றிக்கொண்டு போங்கள். கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்தால் போதும், உடம்பு சூடேறிவிடும். டிசம்பரிலிருந்து பெப்ரவரி வரை விடியற்காலையில் புல்லில் உறைபனி படிகிற நாட்களும் உண்டு, அப்போது இந்தப் போத்தல்தான் தெய்வம். தண்ணீர் ஆளுக்கு ஒரு லீற்றர் போதும். ஓடைத் தண்ணீர் கண்ணாடி போலத் தெரிந்தாலும் குடிக்க வேண்டாம்.

இதை நீங்கள் தங்குகிற இடத்தில் முதல் நாள் பின்னேரம் நாலு மணிக்குள் சொல்லிவிடுங்கள். “பெட்டிச் சாப்பாடு வேண்டாம், ரொட்டியும் சம்பலும் கட்டித் தாங்க” என்று கேட்டால் சமையலறையில் இருக்கிற பெண்களுக்கு முகம் மலரும். அவர்கள் வீட்டில் தினமும் செய்கிற சாப்பாட்டை விருந்தாளி கேட்பது அவர்களுக்குப் பெருமை. தேங்காய் வாங்கி வைக்க வேண்டும், விடியற்காலை மூன்றரைக்கு ஒருத்தி எழும்ப வேண்டும் என்பதால்தான் முன்னாலேயே சொல்லச் சொல்கிறேன். இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டிச் சொன்னால் கிடைப்பது பாணும் ஜேமும்தான். எழும்பிச் செய்தவளுக்குத் தனியாக ஏதாவது கையில் கொடுத்துவிட்டுப் போங்கள்.

வாசலில் பையைத் திறப்பார்கள்

சமவெளிக்குள் பொலித்தீன் கொண்டுபோக விடமாட்டார்கள். பைகளைத் திறந்து பார்த்து, பொலித்தீன் பைகளை எடுத்துவிடுவார்கள், தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் லேபலைக்கூட உரிக்கச் சொல்வார்கள். பிஸ்கட் பக்கற்றைப் பிரித்துக் கொட்டிக்கொண்டு நிற்கிற குடும்பங்களை ஒவ்வொரு விடுமுறையிலும் பார்க்கலாம். வரிசையும் நீளும், மூடுபனியும் ஏறிக்கொண்டே வரும். வாழையிலை, காகிதம், எவர்சில்வர் டிபன் பெட்டி, துணிப்பை இவற்றில் கட்டிக்கொண்டு போனால் ஒரு நிமிடத்தில் உள்ளே போய்விடலாம். எங்கள் குளிருக்கு வாழை சரியாக வராது, இலை கீழேயிருந்துதான் வர வேண்டும். இலையை நெருப்பில் ஒரு தடவை வாட்டினால் மடிக்கும்போது கிழியாது.

இந்தச் சோதனையை அலுப்பாக நினைக்க வேண்டாம். மகாவலி, களனி, வளவை மூன்று ஆறுகளுக்கும் தண்ணீர் இந்தச் சமவெளிப் பக்கத்திலிருந்துதான் போகிறது. 1988ல் தேசிய பூங்காவாக்கினார்கள், 2010ல் மத்திய மலைநாடு உலக மரபுரிமையில் சேர்ந்தபோது இதுவும் அதில் ஒரு பகுதியானது. வாகனம் நிறுத்துகிற இடத்திலேயே மரை மான்கள் வந்து நிற்கும். மனிதருக்குப் பயமில்லாமல் கிட்ட வந்து முகரும், பிள்ளைகளுக்கு ஆசையாகத்தான் இருக்கும். தயவு செய்து ஒரு துண்டு ரொட்டிகூடக் கொடுக்காதீர்கள். சாப்பாட்டு வாசம் பட்ட பையையும் சேர்த்து விழுங்கிவிடும். அது குடலில் அடைத்தால் வாயில்லாச் சீவன் துடித்துத்தான் சாகும். முட்டைக் கோது, பழத்தோல், தேசிக்காய்த் தோல் எல்லாவற்றையும் கொண்டுபோன பெட்டியிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள்.

எப்போது சாப்பிடுவது என்றும் கேட்பார்கள். வாசலுக்கு வருகிற வழியில் வேனிலேயே ஒரு ரொட்டியும் தேத்தண்ணியும். மீதியை உலக முடிவைப் பார்த்த பிறகு, விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி உட்கார்ந்து சாப்பிடுங்கள். மூடுபனி வந்தாலும் அதற்குப் பிறகு கவலையில்லை.

இரவுச் சாப்பாடு எங்கே தங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்தது

நுவரெலியாவில் தங்கினால் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. பஸார் பக்கம் சைவக் கடைகள், முஸ்லிம் ஹோட்டல்கள், பேக்கரிகள், ஃப்ரைட் ரைஸ் கடைகள் எல்லாம் நடக்கிற தூரத்தில். தோசையும் வடையும் சாம்பாரும் தேடுகிற தமிழ்நாட்டுக்காரருக்கும் யாழ்ப்பாணத்தாருக்கும் சைவக் கடைகளே போதும். கிராண்ட் ஹோட்டலின் முன்பக்கத்தில் இருக்கிற இந்தியச் சாப்பாட்டு இடத்தில் நாணும் வட இந்தியக் கறிகளும் நன்றாக இருக்கும், விடுமுறை நாட்களில் காத்திருக்க வேண்டி வரும். 1876ல் தொடங்கிய ஹில் கிளப்பில் இரவுச் சாப்பாட்டுக்கு ஆண்கள் கோட்டும் டையும் போட வேண்டும் என்பது வழக்கம். வெள்ளைக்காரத் துரைமார் காலத்து ஒழுங்கைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் போகலாம். மலைக்கு நடக்க வந்தவர்களுக்கு நான் சொல்வது பஸார்தான். விடியற்காலை எழும்ப வேண்டும், ஏழரைக்குள் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

அப்புத்தளை எனக்குப் பிடித்த ஊர். மலை முதுகில் உட்கார்ந்த ஊர், ரயில் பாதை ஊருக்குள்ளேயே போகும், தமிழில் பேசியே எல்லாக் காரியமும் முடிக்கலாம். பஸ் நிற்கிற இடத்தைச் சுற்றிக் காலையில் வடையும் ரொட்டியும், மதியம் சோறும் கறியும், பின்னேரத்துக்குப் பிறகு கொத்து. கொத்து ரொட்டி இரவுச் சாப்பாடு என்பதை ஞாபகம் வையுங்கள். மதியம் கேட்டுப் பயனில்லை, காலையில் வீசிய பரோட்டா ஆறித் தயாராக இருந்து, தட்டில் தகடு அடிக்கிற சத்தம் கேட்டால் உள்ளே போகலாம். இங்கே கடைகள் சீக்கிரம் சாத்துவார்கள். எட்டு மணிக்கு மேல் பஸார் வெறிச்சோடிப் போகும். ஆனால் அப்புத்தளையில் வீட்டோடு சேர்ந்த தங்குமிடங்கள் பல உண்டு. அங்கே இரவுச் சாப்பாடு சொன்னால் மேசை நிறையக் கறி வைப்பார்கள், கடையைவிட அதுவே மேல்.

ஒஹியவிலும் பட்டிப்பொலவிலும் தங்கினால் வாசலுக்கு மிகக் கிட்ட. ஒஹிய ஸ்டேஷனிலிருந்து சமவெளிக்கு 11 கிலோமீற்றர் அளவுதான். பட்டிப்பொல ஸ்டேஷன் 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, இலங்கையில் அதைவிட உயரமான ரயில் நிலையம் கிடையாது. காலையில் ஒரு மணித்தியாலம் கூடுதலாகத் தூங்கலாம். ஆனால் ஸ்டேஷன் பக்கத்துச் சின்னக் கடைகளில் பகலில் தேத்தண்ணி, ரொட்டி, வடை, பிஸ்கட் கிடைக்கும், அவ்வளவுதான். இரவுக்குத் தங்குமிடத்து அடுப்பை விட்டால் வேறு வழியில்லை. நாங்கள் ஆள் கணக்குப் பார்த்துத்தான் சமைப்போம். கோழியும் மீனும் வெலிமடையிலிருந்தோ அப்புத்தளையிலிருந்தோ வர வேண்டும்.

“அக்கா, இரவைக்கு என்ன இருக்கு?” என்று பை இறக்கின பிறகுதான் கேட்பார்கள்.

“காலையில ஒரு கோல் எடுத்திருந்தா கோழி வாங்கியிருப்பேன் தம்பி. இப்ப பருப்பு இருக்கு, கிழங்கு இருக்கு, லீக்ஸ் இருக்கு, முட்டை இருக்கு.”

முகம் சுருங்கும். சாப்பிட்டு முடிந்ததும் இரண்டாம் தடவை சோறு கேட்பார்கள். காரணம் என் கைப்பக்குவம் மட்டுமில்லை. நீங்கள் கொழும்பில் வாங்குகிற கரட்டும் லீக்ஸும் கோவாவும் போஞ்சியும் இங்கேயிருந்து லொறியில் இரவெல்லாம் குலுங்கி வந்தவை. இங்கே காலையில் பிடுங்கியது மாலையில் சட்டிக்கு வரும். லீக்ஸை நீளவாக்கில் பிளந்து இதழிதழாகக் கழுவ வேண்டும், மடிப்புக்குள் செம்மண் ஒளிந்திருக்கும். மெல்லிசாக அரிந்து மஞ்சளும் தேங்காய்ப்பூவும் போட்டு வதக்கினால் போதும், இனிப்பு தானாக வரும். நோக்கோல் வெள்ளைக்கறி, ராபு, பீட்ரூட், வெலிமடைக் கிழங்கு, மிளகு தூக்கலாக ஒரு ரசம். மலைநாட்டுக்கு வந்து மரக்கறி சாப்பிடாமல் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே மனது பொறுக்காது.

சோறு வரத் தாமதமானால் கோபிக்க வேண்டாம். இந்த உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அதனால் அரிசியும் பருப்பும் வேகக் கூட நேரம் எடுக்கும். கடலை சமைக்கச் சொன்னால் முதல் நாளே ஊறப்போட வேண்டும்.

மதியம்

சமவெளியை விட்டு வெளியே வரும்போது பத்தரை, பதினொன்று ஆகும். பட்டிப்பொல வழியாக நுவரெலியாவுக்குத் திரும்புகிறவர்கள் அம்பேவெல பால் பண்ணையில் நிறுத்துங்கள். பசுவும் காற்றாடியும் புல்வெளியும் பிள்ளைகளுக்கு. உங்களுக்குக் குளிர்ப் பால், யோகட், சீஸ். யோகட்டை அங்கேயே சாப்பிடுங்கள், சீஸ் வேண்டுமானால் வீட்டுக்கு வாங்குங்கள். அதோடு வயிற்றை நிரப்பிவிடாமல் நகரத்துக்கு வந்து சோறு சாப்பிடுங்கள். கடைகளில் சோறும் கறியும் பன்னிரண்டு மணிக்குச் சூடாக இருக்கும், இரண்டு மணிக்குப் பிறகு நல்ல கறிகள் முடிந்து பருப்பு மட்டும் மிஞ்சும். ஒஹிய பக்கம் இறங்குகிறவர்கள் பொரலந்த வழியாக அப்புத்தளைக்கோ வெலிமடைக்கோ போய்ச் சாப்பிடலாம்.

சைவக்காரருக்கு ஒரு விஷயம். இலங்கையில் மரக்கறிக் கறி என்று சொல்வதிலும் மாசி இருக்கும். தேங்காய்ச் சம்பலில் இருக்கும், கட்டச் சம்பலில் இருக்கும், சில கடைகளில் பருப்பிலும் கீரையிலும் இருக்கும். “சைவம்” என்று மட்டும் சொன்னால் போதாது, “மாசியும் போடாதீங்க” என்று சேர்த்துச் சொல்லுங்கள். சிங்களக் கடை என்றால் “உம்பலகட தான்ன எபா” என்றால் புரியும். உறைப்புக் குறைய வேண்டுமானால் “மிரிஸ் அடுவென்”. எங்கள் ஊர் உறைப்பு சென்னைக்காரரையும் கண் கலங்க வைக்கும், பிள்ளைகளுக்குச் சொதி கேட்டு வாங்குங்கள்.

நாள் பார்த்து வருவதும் சாப்பாட்டுக்கு முக்கியம். பௌர்ணமி போயா அன்று இறைச்சிக் கடைகளும் மதுக்கடைகளும் பூட்டியிருக்கும், கோழிக்கறி வேண்டுமென்றால் முதல் நாளே வாங்கச் சொல்ல வேண்டும். நோன்பு மாதத்தில் முஸ்லிம் ஹோட்டல்கள் பகலில் மூடியிருந்தாலும் மாலையில் கஞ்சியும் ரோல்ஸும் சமோசாவுமாகக் களைகட்டும். தைப்பொங்கல், தீபாவளி நாட்களில் தமிழ்க் கடைகள் திறக்காது. ஏப்ரல் நுவரெலியாவில் சீசன். அறை விலையும் சாப்பாட்டு விலையும் ஏறும், மேசை கிடைக்க நிற்க வேண்டும். விலைப்பட்டியல் இல்லாத இடத்தில் உட்காரும் முன்பே விலையைக் கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

ரயிலில் திரும்புகிறவர்கள், மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை மூடப்படுவது உண்டு, ஓடுகிறதா என்று காலையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். ஓடினாலும் மலைநாட்டு ரயில் நேரத்துக்கு வரும் என்று சொல்ல முடியாது. பெட்டிக்குள் வடையும் கடலையும் விற்றுக்கொண்டு வருவார்கள், காகிதத்தில் சுற்றித் தருவார்கள், சூடாக இருந்தால் வாங்குங்கள். கொண்டுபோன ரொட்டியில் இரண்டு மிஞ்சியிருந்தால் அதை வீசிவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள். நானுஓயாவைத் தாண்டும் முன்பே பிள்ளைகள் மறுபடியும் பசி என்பார்கள்.